மீசைக்காரர் ஏன் வரவில்லை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பார் என் மாமியார் மாதம்மாள். தப்பு. நாக்கு நுனியில் இருக்கிறது. மூக்கு வரைக்கும் ஏறுவதற்கெல்லாம் அதற்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, பிள்ளை பெற்ற ஒரு பொம்பளை போயும் போயும் ஒரு கம்ப்யூட்டர் ராஜாவிடமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள் என்று நீங்கள் கேட்கக்கூடாது.

மாசி பிறந்தும் பனி விடாத வருஷம் இது. விடிகிற நேரத்தில் பாகலூரில் கம்பெனி பஸ்ஸில் ஏறினால், ஓசூர் சிப்காட் போய்ச் சேரும்வரை ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை. முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் மிதந்துகொண்டு வரும். பஸ்ஸில் பாதிப் பேர் தூக்கம், மீதிப் பேர் போன். நானும் மேரிராணியும் ஒரே சீட்டு. பிரேக் பாகங்களைச் சரிபார்க்கும் பிரிவில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து மேஜை. அந்த விளையாட்டை என் போனில் ஏற்றிக் கொடுத்தவள் அவள்தான்.

விளையாட்டு இதுதான். உங்களுக்கு ஒரு நாடு கொடுப்பார்கள். சுற்றி வேறு நாடுகள். அவற்றையெல்லாம் நடத்துவது கம்ப்யூட்டர். நீங்கள் இன்னும் போகாத இடமெல்லாம் படத்தில் பனி மூடிக் கிடக்கும். ஓர் ஆளை அனுப்பினால் அவன் நடக்க நடக்கப் பனி விலகி ஆறு தெரியும், மலை தெரியும், யாரோ ஒருவருடைய கோட்டை தெரியும். வெளியிலும் பனி, கைக்குள்ளும் பனி. சில காலைகளில் எது ஜன்னல், எது போன் என்றே எனக்குப் பிடிபடாது. படத்தில் ஓர் ஏரி திறக்கும். நிமிர்ந்தால் வெளியே நிஜமாகவே ஓர் ஏரி மெல்ல வந்து நிற்கும். சுகமாக இருக்கும்.

சண்டை போட எனக்கு ஆசையில்லை. வீட்டில் போடுகிற சண்டை போதும். நான் அணை கட்டினேன், மாந்தோப்பு போட்டேன். அப்படி இருக்கும்போதுதான் மேற்கே பனி விலகி மீசைக்காரர் வந்தார். அவருடைய பெயர் வாயில் நுழையாது. ஆனால் மீசை அழகு. திரையில் வந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, நம் இரண்டு நாடும் நட்பாக இருக்கலாமா என்று கேட்டார். கேட்ட விதம் எனக்குப் பிடித்தது. ஒப்பந்தம் போட்டோம். அப்புறம் என் இளவரசியை அவர் இளவரசனுக்குக் கட்டிக்கொடுத்தேன். அன்றைக்கு முதல் அவர் எனக்குச் சம்பந்தி.

சம்பந்தி என்றால் சும்மாவா. வரிசை அனுப்ப வேண்டாமா. பொங்கலுக்குக் குதிரை அனுப்பினேன், ஆடிக்குக் கோதுமை அனுப்பினேன். அவர் ஒவ்வொரு தடவையும் தலை குனிந்து நன்றி சொன்னார். மேரிராணி தலையில் அடித்துக்கொண்டாள். நட்பு முழுசாகிவிட்டால் அதற்கு மேல் பரிசு அனுப்புவது வீண், அந்தப் பக்கம் ஆளே கிடையாது, வெறும் கம்ப்யூட்டர் என்றாள். இருக்கட்டும். ஆளே இல்லாத இடத்திலிருந்து ஒருவர் இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார் என்றால், ஆள் இருக்கிற இடத்துக்கு அது எவ்வளவோ மேல்.

ஒரே ஒரு தடவைதான் எரிச்சல் வந்தது. அவருடைய குதிரைப்படை எங்கேயோ போகிற வழியில் என் மாந்தோப்புக்குள் இறங்கி நடந்தது. அன்றைக்குக் கம்பெனியில் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். திரையில் இங்கிலீஷில் ஏதோ கேட்டது. படிக்கிற பொறுமையில்லை. இருந்ததிலேயே காட்டமாகத் தெரிந்த பதிலை அமுக்கினேன். மீசைக்காரர் தலை குனிந்து, படையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார். அதோடு நான் அதை மறந்துவிட்டேன்.

இப்போது நிஜமான மேற்கைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்றால் மேற்கே வெள்ளையாக ஒரு கூரை தெரியும். பிளாஸ்டிக் போர்த்திய ரோஜாக் கொட்டகை. மத்தியான வெயிலில் தண்ணீர் நிற்பது போலவே மின்னும். அது என் அண்ணன் ஆஞ்சப்பனுடையது. நடுவில் எல்லைக்கல் ஒன்று இருக்கிறது. அது கர்நாடகா, இது தமிழ்நாடு. நாங்கள் அங்கே பிறந்தவர்கள். ஆனால் இரண்டு பேரும் படித்தது பாகலூர்ப் பள்ளிக்கூடத்தில். அண்ணன்தான் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவருவான். பேசுவது குறைவு. ஏதாவது சொன்னால் சொன்னபடி நிற்பான். அவ்வளவுதான் அவனிடம் உள்ள கெட்ட குணம்.

போன வருஷம் உகாதிக்கு அவன் வீட்டுக்குப் போயிருந்தோம். இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, மாப்பிள்ளை வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்ட வேண்டும் என்றான் அண்ணன். என் வீட்டுக்காரர் நவீன்குமார் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். எனக்குத்தான் சுரீர் என்றது. பத்துப் பேர் முன்னால் என் வீட்டுக்காரரைக் குறை சொல்வதா என்று எழுந்து நின்று என்னென்னவோ பேசிவிட்டேன். சாப்பிடாமல் கிளம்பினோம். ஆனால் எங்கள் குடும்பத்தில் கோபத்தில் சொன்னதை யாரும் எடுத்து வைத்துக்கொள்வதில்லை. ஒரு வாரம் போனால் எல்லாம் சரியாகிவிடும். அப்படித்தான் நினைத்தேன்.

சரியாவதற்குள் மழைக்காலம் வந்தது. சூளகிரி பக்கம் நெடுஞ்சாலையில் என் வீட்டுக்காரர் வண்டியோடு விழுந்தார். காலில் இரண்டு இடத்தில் முறிவு. ஓசூர் ஆஸ்பத்திரியில் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். நாகரசம்பட்டியிலிருந்து சித்தப்பா மகன் சென்னப்பன் வந்தான். கம்பெனியே வந்தது. அண்ணன் வரவில்லை. அவனுக்குத் தெரியாமல் இல்லை. அவன் ஊர்க்காரி கெம்பம்மா அதே ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்க்கிறாள். கெம்பம்மாவுக்குத் தெரிந்தால் அந்த ஊரில் ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். அவள் நல்லவள். தினமும் மத்தியானம் கொக்கி உடைந்து பச்சைக் கயிறு கட்டிய ஒரு தூக்குப் பாத்திரத்தில் களியும் கொள்ளுச் சாறும் கொண்டுவந்து வைத்து, தன் வீட்டில் மிஞ்சியது என்பாள். நான் ருசி பார்க்கிற நிலையில் இல்லை. பசித்தது, சாப்பிட்டேன். யாரோ ஒருத்திக்கு இருக்கிற ஈரம் கூடப்பிறந்தவனுக்கு இல்லையே என்று வயிறு எரிந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நல்ல காரியத்துக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் போய் அழைக்க வேண்டும். போனில் சொன்னால் வரமாட்டார்கள், வந்தாலும் பேசமாட்டார்கள். ஆனால் கெட்டது நடந்தால் யாரும் யாரையும் அழைப்பதில்லை. காதில் விழுந்த நிமிஷம் போட்டது போட்டபடி ஓடிவருவார்கள். அழைத்தால்தான் வருவேன் என்றால் அவன் உறவே இல்லை. அண்ணன் ஓடி வரவில்லை. அன்றோடு ஒட்டுமில்லை, உறவுமில்லை என்று விட்டுவிட்டேன்.

விட்டுவிட்டால் போதுமா. என் மகள் தன்விகாவுக்கு மூன்று வயதாகிறது. காது குத்த வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தாகிவிட்டது. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். போய் அழைத்துவிட்டு வா என்று மாமியார் சொல்லிப் பார்த்தார். நான் தலைகீழாக நின்றாலும் முடியாது என்றேன். சென்னப்பன் சித்தப்பா மகன்தானே, அவனும் மாமன் முறைதானே, அவன் மடி போதும் என்றேன். என் வீட்டுக்காரர் காலை நீட்டி எண்ணெய் தடவிக்கொண்டே, மடி வேண்டுமானால் கிடைக்கும், மாமன் கிடைப்பானா என்று மெதுவாகக் கேட்டார். நான் பாத்திரத்தை ஓசையாக வைத்தேன். பிறகு மாடிக்குப் போய் நின்றுகொண்டேன். மேற்கே கூரை மின்னிக்கொண்டிருந்தது. பார்க்கக்கூடாது என்றுதான் போனேன். அந்த மாடியில் அதைத் தவிரப் பார்ப்பதற்கு வேறு என்ன இருக்கிறது.

அந்த வாரம்தான் விளையாட்டிலும் எனக்குச் சனி பிடித்தது. வடக்கே ஒரு ராணி இருந்தாள். எப்போது பார்த்தாலும் கடுகடு என்று இருப்பாள். சிடுமூஞ்சி என்று பெயர் வைத்திருந்தேன். அவள் திடீரென்று படையோடு இறங்கினாள். முதல் நாள் என் அணை போயிற்று. மறுநாள் துறைமுகம் போயிற்று. மேரிராணி மாதா கோயில் திருவிழாவுக்குக் கிருஷ்ணகிரியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். யோசனை கேட்கவும் ஆளில்லை. பரவாயில்லை, சம்பந்தி இருக்கிறார் என்று காத்திருந்தேன்.

அவரும் வந்தார். அதுதான் கொடுமை. என் எல்லை வரைக்கும் படை வந்தது. ஈட்டி, குதிரை, கூடாரம், எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையாக வந்து நின்றது. நின்றதோடு சரி. என் ஊர்கள் ஒவ்வொன்றாக எரிய, அவர்கள் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். துணைக்கு அழைக்க ஒரு கொம்பு படம் இருந்தது. நான் அதைத் தொடவே இல்லை. பெண் கொடுத்த வீட்டில் தீப்பிடித்து எரிகிறது. அதற்கும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டுமா?

முதல் ஷிப்ட் முடிந்து மத்தியானம் வீடு வந்தால் எனக்கு ஒரு தூக்கம் உண்டு. வியாழக்கிழமை அந்தத் தூக்கத்தில் மீசைக்காரர் வந்தார். எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நிற்கிறார். தலையில் கிரீடம், காலில் ரப்பர் செருப்பு. பின்னால் பாகலூர் சாலை முழுக்கக் குதிரைகள் சத்தமில்லாமல் நிற்கின்றன. குதிரைகளின் முதுகில் ஈட்டிக்குப் பதிலாக ரோஜாக் கட்டுகள். மேற்கே இருந்த கூரை நிஜமாகவே ஏரியாகிவிட்டிருக்கிறது. அதன் தண்ணீர் மெல்ல வந்து அவருடைய செருப்பைத் தொடுகிறது. நான் சமையலறையில் அவரைக்காய் உரிக்கிறேன். உள்ளே வரவேண்டியதுதானே என்று எனக்குள் கத்துகிறேன். வாய் திறக்கவில்லை. அவர் கேட் மேல் கைவைக்கிறார், எடுக்கிறார், மறுபடி வைக்கிறார். முகத்தைப் பார்த்தால் மீசை மட்டும்தான் ராஜாவுடையது. மற்றதெல்லாம் வேறு யாரோ. யார் என்று சொல்லத் தேவையில்லை. எழுந்தபோது தலையணை நனைந்திருந்தது, அது எனக்குக் கோபத்தைத்தான் கிளப்பியது.

வெள்ளிக்கிழமை காலை மேரிராணி திரும்பி வந்து பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் எனக்காக ஒரு பொட்டலம் அதிரசம். நான் அதைக்கூட வாங்காமல் போனை நீட்டினேன். ஒப்பந்தத்தை முறிக்கும் இடத்தில் என் விரல் தயாராக நின்றது. முறிப்பதற்கு முன்னால் இந்த ஆள் செய்த துரோகத்தை யாராவது ஒருத்தர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

அவள் என் விரலை ஒதுக்கிவிட்டு, எல்லையில் நின்ற படையை ஒரு தட்டுத் தட்டினாள். சின்னதாக ஒரு வரி வந்தது. படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீதான் வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கிற."

"நானா? நான் எப்ப சொன்னேன்?"

"நான் கூப்பிடுற வரைக்கும் என் எல்லையில கால் வைக்காதேன்னு சொல்லியிருக்கிற. அவரும் சரின்னு சொல்லியிருக்கிறாரு. அதான் போட்டிருக்குது, பாரு."

மாந்தோப்பு ஞாபகம் வந்தது. அது என்றைக்கோ ஒரு எரிச்சலில் அமுக்கியது, அதையெல்லாமா ஒருத்தர் பிடித்துக்கொண்டு நிற்பார் என்றேன்.

மேரிராணி அதிரசத்தைப் பிட்டு என் கையில் வைத்தாள். "உன்னாட்டம் ஆளுங்களுக்குத்தான் கோவத்துல சொன்னது வேற, நிஜம்மா சொன்னது வேற. அதுக்கு அதெல்லாம் தெரியாது சுகுணா. சொன்னா சொன்னதுதான். வராம இருந்துடல பாரு, எவ்வளவு கிட்ட வரலாமோ அவ்வளவு கிட்ட வந்து நிக்குது."

பஸ் போய்க்கொண்டிருந்தது. பனிக்குள் ஒரு விளக்கு வந்து போயிற்று. எனக்கு உகாதி இலை கண்ணில் வந்தது. ஒப்பட்டுப் போளி வைத்திருந்தார்கள், நெய் ஊற்றக்கூட இல்லை. நான் எழுந்து நிற்கிறேன். என்னென்னவோ பேசினேன் என்று உங்களிடம் சொன்னேனே, அதில் கடைசியாகச் சொன்னது என்ன என்று அந்த சீட்டில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. நானா கூப்பிடுகிற வரைக்கும் நீ என் வாசப்படி மிதிக்கக்கூடாது என்றேன். அண்ணன் தலையை ஆட்டினான். சரி என்றுகூடச் சொன்னான்.

அடப்பாவி.

கொம்பு படத்தைத் தொட்டேன். மீசைக்காரர் திரையில் வந்தார். நெஞ்சில் கை வைத்தார். தாமதத்துக்கு ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. அவருடைய குதிரைகள் கோட்டைத் தாண்டி உள்ளே இறங்கின. எரிந்து கிடந்த என் மாந்தோப்பு வழியாக, வரிசை வரிசையாக, வந்துகொண்டே இருந்தன. அவை போகப் போகப் பனி விலகிற்று. நான் பஸ்ஸில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினேன். சளி என்று மேரிராணியிடம் சொன்னேன். ஆமாம், பனிக்காலம் என்றாள் அவள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் தூங்கவில்லை. தட்டு எடுத்தேன். வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம். மாமியார் ஒன்றும் கேட்காமல் தேங்காயைத் துடைத்து நடுவில் வைத்தார். தோற்றுப்போய்ப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் எதையும் நினைத்த மாதிரித் தெரியவில்லை. தன்விகாவை ஸ்கூட்டியில் முன்னால் நிறுத்திக்கொண்டு கிளம்பினேன். எல்லைக்கல்லைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறியது. மற்றபடி அதே வெயில், அதே மண், அதே புளியமரங்கள். சாலை அரைத்தூக்கத்தில் இருந்தது. மாடியிலிருந்து பார்த்துப் பார்த்துச் சலித்த கூரை கிட்ட வரவர ஏரி மாதிரி இல்லை. வெறும் பிளாஸ்டிக்தான், ஓரிடத்தில் கிழிந்து தைத்திருந்தது.

அண்ணி என்னைப் பார்த்ததும் கொட்டகைக்குள் குரல் கொடுத்துவிட்டு, வா சுகுணா என்று தண்ணீர் கொண்டுவந்தாள். அண்ணன் வெளியே வந்தான். மெலிந்திருந்தான். பூ கட்டும் சாய்ப்பு அறையின் வாசலில் அப்படியே நின்றான். அவன் தோளுக்குப் பின்னால் ஆணியில் ஒரு தூக்கு தொங்கியது. கொக்கி உடைந்து பச்சைக் கயிறு கட்டியிருந்தது. கொட்டகை முழுக்க ரோஜாச் செடிகளை அதே பச்சைக் கயிறால்தான் இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

தட்டோடு ஓரடி கிட்டப் போய்ப் பார்த்தேன்.

"அண்ணி, அந்தத் தூக்கு கெம்பம்மா வீட்டுதுதானே?"

அண்ணி அண்ணனைப் பார்த்தாள். பிறகு அவளே சொன்னாள். "நம்ம வூட்டுதுதான். உங்கண்ணன் தினமும் அதை எடுத்துக்கினு ஆஸ்பத்திரிக்கு எதிர்ல டீக்கடை வரைக்கும் வருவாரு. அங்கிருந்து கெம்பம்மா எடுத்துக்கினு வருவா. மாப்பிள்ளை எழுந்து நடக்கிறாருன்னு அவ வந்து சொன்ன அன்னிக்குத்தான் இவரு உக்காந்து சோறு தின்னாரு."

எனக்கு அப்போதும் கோபம்தான் வந்தது, என்ன செய்வது. "டீக்கடை வரைக்கும் வந்தவன் ரோட்டைத் தாண்டி வரமாட்டியா?"

"நீ கூப்பிடலையே" என்றான் அண்ணன். குத்திக்காட்டவில்லை. மழை பெய்யவில்லையே என்று சொல்வதுபோலச் சொன்னான்.

அழுதேன். தட்டைப் பிடித்துக்கொண்டு அழுவது கஷ்டம்; மூக்கைத் துடைக்கக் கை கிடையாது. அப்படியே நீட்டினேன்.

"இப்ப கூப்பிடுறேன்ணா. ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்குக் காது குத்துறோம். உன் மடி வேணும்."

அவன் உடனே தட்டை வாங்கவில்லை. கையைப் பார்த்தான், மண்ணும் முள் கீறலுமாக இருந்தது. தொட்டிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினான். துண்டில் துடைத்தான். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி அண்ணியிடம் கொடுத்தான். கவிழ்த்துப் போட்டிருந்த பூப்பெட்டி மேல் உட்கார்ந்து, மடியில் ஒட்டியிருந்த இலைத்தூளைத் தட்டிவிட்டான்.

தன்விகா என்னைப் பார்த்தாள். மாமாவிடம் போ என்றேன். அவளுக்குப் புது ஆள் என்றால் பயம். ஆனால் போய் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவன் அவளுடைய காது மடலைத் தொட்டுப் பார்த்தான், பூவின் காம்பைப் பார்ப்பது போல. அவள் தலையைத் திருப்பி, என் மகள் இல்லையா, நேராகவே கேட்டாள்.

"மாமா, நீ ஏன் நம்ம வூட்டுக்கு வரவே இல்ல?"

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"வழி தெரியாம போச்சுடா கண்ணு. இப்பத்தான் உங்கம்மா வந்து சொல்லிட்டாளே."

வழி தெரியாதாம். பாகலூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பத்து வருஷம் சைக்கிள் மிதித்தவனுக்கு, அதில் பாதி வருஷம் என்னைப் பின்னால் வைத்து மிதித்தவனுக்கு, பாகலூருக்கு வழி தெரியாதாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.